பகா எண்ணும் கம்பளிச் சால்வையும்

துப்பறிவாளரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் நகையைத் தொலைத்துவிட்டு வருவார்கள். அன்று வந்த ஆராய்ச்சிப் பெண்ணோ ஓர் எண்ணைப் பறிகொடுத்திருந்தாள். துப்பறிவாளருக்கு உதவியாக இருந்த அவருடைய மைத்துனனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"நூறு இலக்கம் உள்ள பகா எண் சார். ஒண்ணையும் அதையும் தவிர வேற எதாலயும் மீதியில்லாம வகுக்க முடியாது. ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டினா அதுவும் பகா எண். அப்படியே சங்கிலியா நீளும். பக்கத்து மேஜைக்காரர் அதைத் தன்னோடதுன்னு முந்திக்கிட்டார். சாயங்காலம் இயக்குநர் அவர் பேரை அறிவிச்சிட்டா எனக்கு வேலையும் போயிடும்."

"எண்ணை வேற யார் பார்த்தாங்க?"

"யாருமில்ல. என் கணினி எப்பவும் பூட்டியே இருக்கும். அப்பாவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தேன்." ஆராய்ச்சிக்கூடத்துக் குளிருக்கு அவர் பின்னிக் கொடுத்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அதில் வரிசை வரிசையாகச் சிவப்பு இலக்கங்கள்.

"அப்பாதான் திருடன்னு சொல்லிடாதீங்க அத்தான்," என்று மைத்துனன் முணுமுணுத்தான். அத்தான் சால்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் இயக்குநர் அறையில் எல்லோரும் கூடினார்கள். அவளுடைய அப்பாவும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்து மேஜைக்காரர் சமர்ப்பித்த எண்ணை மைத்துனனிடம் நீட்டி, இலக்கங்களைக் கூட்டச் சொன்னார் அத்தான். அவன் விரல்விட்டு இருமுறை கூட்டினான்.

"நானூத்தி அம்பது."

"அது மூணால வகுபடும். இலக்கங்களோட கூட்டுத்தொகை வகுபட்டா எண்ணும் வகுபடும். அப்புறம் எப்படி இது பகா எண்? நீங்களே சோதிச்சிருந்தா எடுத்த எடுப்பிலேயே கழிஞ்சிருக்குமே."

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "தட்டச்சுல ஒரு இலக்கம் தப்பியிருக்கும்."

"தப்பியிருக்கு. இவங்க கணினியில எட்டு இருக்கிற இடத்துல உங்ககிட்ட ஆறு. முதலும் கடைசியும் ஒத்துப்போனதால யாரும் நடுவுல பார்க்கல." அத்தான் சால்வையை வாங்கி மேஜைமேல் விரித்தார். "அதே இடத்துல ஆறு இருக்கிறது உலகத்துலயே இன்னொரு இடத்துலதான். அவங்கப்பா எட்டைப் பின்னும்போது மேல வலப்பக்கத்துல ஒரு பின்னலை விட்டுட்டார், எட்டு ஆறாயிடுச்சு. தினமும் பக்கத்துல உட்கார்ந்து, தோள்ல கிடந்த எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிக்கிட்டீங்க."

இயக்குநர் எழுந்துவந்து, அந்தப் பெண்ணின் கணினியில் இருந்த எண்ணைத் தம் கையாலேயே கூட்டிப் பார்த்தார். நானூற்று ஐம்பத்திரண்டு. மூன்றால் வகுபடவில்லை.

"முழுச் சோதனையையும் இன்னைக்கே ஓட்டச் சொல்றேன். அறிவிப்பு உன் பேர்லதான்மா வரும்."

மைத்துனனுக்குத் தானே வேலையில் சேர்ந்தது போல மனம் குளிர்ந்தது. அப்பா மட்டும் கூனிக்குறுகிச் சால்வையைக் கையில் எடுத்தார்.

"கண்ணு சரியாத் தெரியலம்மா. பிரிச்சு எட்டாக்கிடறேன்."

அவள் சால்வையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அதுல கை வைக்காதீங்கப்பா. என்னைக் காப்பாத்தினதே அந்த ஆறுதான்."