மெஸ் வாசலில் பூஜ்யம்

திங்கட்கிழமை காலை மெஸ்ஸுக்குள் போகக் கைவளையம் வேண்டும், ஒரு துளி ரத்தமும் வேண்டும். வாசலில் நிற்கும் விரல்மானியின் குழிக்குள் விரலை வைத்தால் ஊசி குத்தும். ஒருவருக்கு ஒரு புது ஊசி. வளையத்தை வைத்து ஆள் வந்ததை இயந்திரம் குறித்துக்கொள்ளும். ரத்தத்தைத் தனியாகப் படிக்கும். இரண்டையும் அது இணைத்துப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். கதவுக்கு மேலே, நோய்வீதப் பலகையில், விடுதியில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு நோய் என்ற எண் மட்டும் எரியும். மூன்று வருடமாக அது பூஜ்யம்.

ஜெனோவா தன் துளியைக் கொடுத்துவிட்டுப் பூரி எடுக்கப் போகவில்லை. கை கழுவும் இடத்தில் நின்ற மாரிக்கனியிடமிருந்து அவள் வளையத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, மறுபடி வரிசையின் கடைசிக்கு வந்தாள். இந்த முறை நடுவிரல்.

"ஏட்டி துளிக்காரி, உன் கையில குத்துறதுக்கு இன்னும் இடம் இருக்கா?" என்றாள் முன்னால் நின்றவள்.

"காலுல பத்து விரல் சும்மாதான கெடக்கு."

சிரித்தார்கள். துளிக்காரி என்றால் அடுத்தவளுக்காகத் துளி கொடுப்பவள் என்று விடுதியில் எல்லோருக்கும் தெரியும். எத்தனை துளிக்காரிகள் என்று யாரும் கேட்டதில்லை. நாலைந்து பேர் இருப்பார்கள் என்று ஜெனோவா நினைத்திருந்தாள். இருநூற்று நாற்பது பேரில் நாலைந்து பெரிதாகத் தெரியவில்லை.

ஒரு காலத்தில் ஹெபடைடிஸ் சி சோதனையில் பெயர் இருந்தது. பெயர் வெளியே வந்தது. படிப்பு நின்றது, நிச்சயித்த கல்யாணம் நின்றது. அதனால் பெயரற்ற குருதிச் சட்டம் கொண்டுவந்தார்கள். ஞாயிறன்று அவரவர் அறையில் ஒரு சோதனைத் தாளில் துளி வைத்துத் தான் மட்டும் தெரிந்துகொள்ளலாம். நோய் இருந்தால் சுகாதார மையத்தில் பன்னிரண்டு வார மாத்திரை, இலவசம், முழுக் குணம். ஆனால் திங்களன்று பலகையில் எண் ஏறும்; ஏறிய விடுதிக்குத்தான் மாத்திரை தருவார்கள். எண் இறங்கும் வரை அந்த விடுதிக்கு பிளேஸ்மென்ட் நேர்காணல் கிடையாது. தனி ஆளைத் தண்டிக்கக் கூடாது என்று எழுதிய சட்டம், கூட்டத்தைத் தண்டித்தது. மற்றதைக் கூட்டம் பார்த்துக்கொண்டது.

மூன்றாம் செமஸ்டரில் மாரிக்கனியின் தாள் சிவந்தபோது அவள் மாத்திரை வாங்கப் புறப்பட்டுவிட்டாள். செருப்பு மாட்டியவளைத் தடுத்தது ஜெனோவாதான். "அக்காமாருக்கு இப்பதான் இன்டர்வியூ வருது. ஒரு செமஸ்டர் பொறுத்துக்க. நான் துளி தாரேன்." அடுத்த செமஸ்டரிலும் அக்காக்கள் இருந்தார்கள். அதற்கடுத்ததிலும் இருந்தார்கள். இப்போது இவர்களே அக்காக்கள்.

அந்த வாரம் மாரிக்கனி இரண்டு முறை மெஸ்ஸிலேயே வாந்தி எடுத்தாள். கண்ணில் மஞ்சள் தட்டியது. பழைய வகை ஈரலைத் தின்ன இருபது வருடம் எடுத்துக்கொள்ளும். இப்போது சுற்றும் வகைக்கு மூன்று வருடம் போதும்.

"இனி யாருக்காகவும் பொறுக்க மாட்டேன்" என்றாள் மாரிக்கனி. இருவரும் சுகாதார மையத்துக்குப் போனார்கள்.

டாக்டர் நப்பின்னை அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், எல்லாவற்றையும் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மாத்திரை இல்ல."

"வர எவ்வளவு நாளாகும் டாக்டர்?" என்றாள் ஜெனோவா.

"வராதும்மா. மூணு வருஷம் பூஜ்யம் காட்டினா நோயற்ற வளாகம்னு அறிவிச்சிருவாங்க. நாடு முழுக்க எல்லா யுனிவர்சிட்டியும் பூஜ்யம் அனுப்பிச்சுது. இருந்த ஸ்டாக்கைக் கப்பல்ல ஏத்தி வெளிநாட்டுக்கு அனுப்பிட்டாங்க. கம்பெனி அந்த லைனையே மூடிட்டான்."

"காசு குடுத்து வெளிய வாங்கினா?"

"ஒழிஞ்சுபோன நோய்க்கு எவன் மருந்து செஞ்சு விப்பான்?"

மாரிக்கனி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவ ஒருத்தி இருக்காளே, இவளுக்காகச் செய்ய மாட்டாங்களா?"

"அறிவிச்ச வளாகத்துல ஒரு துளி தப்பா வந்தா மானியில கோளாறுன்னு தள்ளிருவாங்க. நூத்துக்கு ஒண்ணுக்கு மேல காட்டணும். அப்பதான் ஆர்டர் போகும். உங்க விடுதிக்கு அது மூணு பேர்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த அறிவிப்புல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். பலகையைப் பார்த்துத்தான் போட்டேன்."

இன்னும் இரண்டு பேர். துளிக்காரிகளை நிறுத்தச் சொல்லிக் கேட்க, ஜெனோவா அன்று மாலையே மாணவர் தலைவி ஷகிலா பர்வீனிடம் போனாள். ஷகிலாவுக்கு ஓசூரில் வேலை உறுதியாகியிருந்தது, சேர்வதுதான் பாக்கி.

"கோட்டி பிடிச்சிருக்காட்டி உனக்கு? பலகை ஏறினா என் வேலை மட்டுமா போகும்? எழுபது பேரு காத்துக் கெடக்காளுவ."

"மாரிக்கனி செத்துருவா."

"இத்தனை நாளு அது உனக்குத் தெரியலையாக்கும்?"

ஷகிலா கதவைச் சாத்தினாள்.

யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. அதுதான் கேவலம். ஜெனோவாவுக்கு நன்றாகத் தெரியும். வருடா வருடம் விடுதி நாளன்று காதில் இரண்டாவது துளை போடுவார்கள். ஒரே ஊசி. மாற்றவோ சுடவோ கூடாது, துடைக்க மட்டும் செய்யலாம். ஒரே ஊசியில் குத்தியவர்கள் அக்கா தங்கை என்பது வழக்கம். இரண்டாம் ஆண்டு முதலில், முதலாம் ஆண்டு பிறகு. வராதவளை ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். அதனால் இரண்டாம் ஆண்டில் மாரிக்கனியும் வந்து உட்கார்ந்தாள். ஜெனோவா தட்டைப் பிடித்திருந்தாள். மாரிக்கனியின் காதிலிருந்து வந்த ஊசியைத் துணியில் துடைத்து, அடுத்த காதுக்கு நீட்டியது அவள் கைதான். அடுத்த காது தங்கபுஷ்பத்துடையது. அவளுக்குப் பின்னால் அன்றைய முதலாம் ஆண்டு வரிசை.

இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கும் தங்கபுஷ்பத்தின் அறையில் ஆறேழு பேர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். ஜெனோவா உட்காரவில்லை.

"உங்க காதுல குத்துன ஊசி மாரிக்கனி காதுல இருந்து வந்தது. அவளுக்கு நோய் இருந்தது எனக்குத் தெரியும். அவளுக்கு அப்பத் தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும்."

ஒருத்தி கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப எனக்கு வந்தது அப்படித்தானா?" என்றாள் தங்கபுஷ்பம். "பல் டாக்டர்கிட்டருந்து வந்திருக்கும்னு எங்கம்மா அந்த ஆள்கிட்டப் போய்ச் சண்டை போட்டாக்கா. அந்த ஆளு அழுதுட்டாரு."

"திங்கக்கிழமை உன் துளியை நீயே குடு. அதத்தான் கேக்க வந்தேன்."

"வெளிய போங்கக்கா."

திங்களன்று ஜெனோவா ஒரு முறைதான் விரலை வைத்தாள். அடுத்து மாரிக்கனி, தன் வளையத்தோடு, தன் விரலோடு. பலகையில் பூஜ்யம் அழிந்து 0.42 என்று மஞ்சளாக எரிந்தது. வரிசை அப்படியே நின்றது. பின்னால் யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். ஷகிலா சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் நின்று பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கபுஷ்பம் தனக்கு முன்னால் நின்றவளின் கையிலிருந்து தன் வளையத்தைக் கழற்றித் தானே மாட்டிக்கொண்டாள். விரலை வைத்தாள். 0.83. பிறகு அவள் அறைக்காரி. அதற்குப் பிறகு ஜெனோவா எண்ணவில்லை. வரிசையில் வளையங்கள் கை மாறின, மூன்றாம் ஆண்டில், பிறகு ஜெனோவா நினைத்தே பார்க்காத ஆட்களிடம், முதலாம் ஆண்டிலும் கூட. சாம்பார் ஆறிவிட்டது. கடைசி ஆள் உள்ளே வந்தபோது பலகை பதின்மூன்றைத் தாண்டி நின்றது.

நூற்றுக்குப் பதின்மூன்று. பக்கத்து விடுதிகளின் பலகைகள் அப்போதும் பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தன.

டாக்டரிடமிருந்து சேதி வந்தது. ஆர்டர் போய்விட்டது. லைனைத் திறந்து முதல் மாத்திரை வர மூன்று மாதம். ஈரல் மோசமானவர்களுக்கு முதலில். மாரிக்கனிக்கு மூன்று மாதம் தாங்குமா என்று ஜெனோவா திருப்பிக் கேட்டாள். தெரியாது என்று பதில் வந்தது.

மாரிக்கனி இட்லியைப் பிய்த்தாள், தின்னவில்லை.

"மூணாம் ஆண்டுப் பிள்ளைககிட்ட என்னட்டி சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன்."

"எனக்கு அப்பத் தெரியாதுன்னு சொன்னியாம்லா."

ஜெனோவா தட்டைப் பார்த்தாள். "நீயே முடியாம இருக்க. உன்னையும் ஏன் இழுக்கணும்னு..."

"எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உக்காந்தேன். ஊசி அந்தப் பிள்ளை காதுக்குப் போறதையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்." மாரிக்கனி எழுந்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. "இதுக்கும் எனக்குப் பதிலா நீதான் விரலக் குடுக்கணுமா?"

தங்கபுஷ்பம் உட்கார்ந்திருந்த மேஜை மெஸ்ஸின் அந்தக் கோடியில் இருந்தது. மாரிக்கனி ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு அதை நோக்கி நடந்தாள். கூடப் போக ஜெனோவா எழுந்தாள். மாரிக்கனி திரும்பிப் பார்க்காமலே, வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.