மெரித்துக்குச் செய்த கட்டில்

மாட்டுவண்டி நின்றபோது வீடு எங்கே இருக்கிறது என்று ரக்னாவுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை அமெரிக்காவின் மினசோட்டாச் சமவெளியின் காய்ந்த புல். நடுவில் ஒரு மேடு. மேட்டின் உச்சியில் ஒரு தகரப் புகைக்குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான்," என்றான் டோர்கெல்.

"இதா? நான் உருளைக்கிழங்கு போட்டு வைக்கிற குழின்னு நினைச்சேன்."

"குளிர்காலம் வரட்டும். மரவீட்டுக்காரனெல்லாம் இங்க வந்து கதவைத் தட்டுவான் பாரு."

அன்று காலைதான் ஆற்றங்கரை ஊரில் பாதிரியார் அவர்களுக்குத் திருமணம் செய்து வைத்திருந்தார். டோர்கெலின் மகள் சிக்னே வழி முழுக்க வண்டியின் பின்புறம் பார்த்தபடி உட்கார்ந்து வந்தாள். ஐந்து வயது. ரக்னா கொடுத்த சர்க்கரைக் கட்டியை வாங்கிக்கொண்டாள், வாயில் போடவில்லை.

புல்லோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு. உள்ளே ஈர மண்ணின் வாசனை. ஒரு அடுப்பு, ஒரு மேசை, மூன்று முக்காலிகள். கண் இருட்டுக்குப் பழகியதும் அவள் கட்டிலைப் பார்த்தாள்.

அந்தப் பொந்துக்குள் அது பொருந்தவே இல்லை. நல்ல ஓக் மரம். தலைமாட்டுப் பலகையில் கொடி, பூ, நடுவில் இரண்டு எழுத்துகள். ஒன்று டோர்கெலின் முதல் எழுத்து. இன்னொன்று ரக்னாவுடையது அல்ல.

அவனுடைய முதல் மனைவி மெரித் இந்த வீட்டைப் பார்த்ததே கிடையாது. டோர்கெல் முதலில் தனியாக வந்து, நிலம் பிடித்து, வீடு கட்டி, ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து இந்தக் கட்டிலைச் செதுக்கிவிட்டு அவளுக்குச் சொல்லி அனுப்பினான். அவள் குழந்தையோடு ஸ்வீடனில் கப்பல் ஏறினாள். குழந்தை மட்டும் வந்து சேர்ந்தது.

இதெல்லாம் தெரிந்துதான் ரக்னா திருமணம் செய்துகொண்டாள். செத்தவளோடு என்ன போட்டி என்று நினைத்தாள். விடுதியில் வேலைக்காரியாக இருந்து, வருஷக்கணக்காக அடுத்தவர்களின் படுக்கைகளை விரித்தவள் அவள். தனக்கென்று ஒரு கட்டில், ஒரு ஆள், ஒரு அடுப்பு. அவ்வளவுதான் அவள் கேட்டது. கிடைத்த கட்டிலில் வேறொருத்தியின் எழுத்து இருந்தது.

அவள் தன் சால்வையை அந்த எழுத்தின் மேல் தொங்கவிட்டாள். ஆனால் மறுநாள் காலை சால்வை மடித்து மேசைமேல் இருந்தது.

*

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மதியமே இருட்டத் தொடங்கியது. ரக்னா சாம்பல்நீரில் ஊறவைத்த மீனை வேகவைத்தாள், பாலில் அரிசிக் கஞ்சி காய்ச்சினாள். டோர்கெல் கோதுமை வைக்கோலைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து தரை முழுக்கப் பரப்பினான். சிக்னே அதில் புரண்டு சிரித்தாள்.

ஸ்வீடனில் இருந்தவரை ரக்னாவும் இதைச் செய்தவள்தான். அந்த இரவு செத்தவர்கள் தங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்காக மேசையில் சாப்பாட்டை எடுக்காமல் விட்டு, மெழுகுவத்தியை அணைக்காமல் விட்டு, கட்டிலைக் காலி செய்து கொடுத்துவிட்டு, எஜமானும் வேலைக்காரனும் ஒன்றாகத் தரையில் வைக்கோலில் படுப்பார்கள்.

டோர்கெல் கட்டிலில் புதிய துப்பட்டியை விரித்தான். தலையணையைத் தட்டித் தட்டிச் சரிசெய்தான். தனக்காக அவன் அப்படி ஒருநாளும் தட்டியதில்லை என்று ரக்னா நினைத்தாள்.

"யாருக்கு இவ்வளவு உபசாரம்?"

"உனக்குத் தெரியாதா?"

"செத்தவங்க அவங்கவங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. அவ இந்த வாசப்படியை மிதிச்சதே இல்லையே. கடல்ல கிடக்கிறவளுக்கு இந்த மேடு எப்படித் தெரியும்?"

"அதனாலதான் சொல்றேன்," என்றான் அவன். குரல் தணிந்திருந்தது. "ஒரு தடவையாவது வந்து படுத்துட்டுப் போகட்டும்."

அந்தத் தணிந்த குரல்தான் ரக்னாவைச் சுட்டது. அவள் காலணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, நேராகப் போய்க் கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

"இறங்கு ரக்னா. ஒரு ராத்திரிதானே."

"மத்த ராத்திரியெல்லாம் மட்டும் இது என்னுதா இருந்துச்சா? நீங்க கண்ணை மூடினா யாரு பக்கத்துல படுத்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"குழந்தை கேக்குது."

"கேக்கட்டும். நான் இந்த வீட்டுப் பொம்பளை. இது என் கட்டில். இறங்க மாட்டேன்."

டோர்கெல் போய் வைக்கோலில் படுத்தான். அவனுக்கும் சிக்னேவுக்கும் நடுவில் ரக்னாவுக்காக விட்ட இடம் அப்படியே காலியாக இருந்தது.

ரக்னா கம்பளியைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

தூக்கத்தின் விளிம்பில் அவளுக்கு ஒரு வாசனை வந்தது. உப்பு. தார் பூசிய கயிறு. வெகுநாள் நீரில் ஊறிய கித்தான். எந்தத் திசையில் மாதக்கணக்கில் நடந்தாலும் கடல் வராத பூமி அது.

வைக்கோல் சரசரத்தது. யாரோ மெதுவாக, இடம் பார்த்துப் படுப்பது போல.

சிக்னே தூக்கத்தில் சிரித்தாள்.

டோர்கெல்தான் புரண்டு படுக்கிறான் என்று ரக்னா தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

*

விடிந்ததும் டோர்கெல் அவளிடம் வந்தான். திருமணம் ஆனதிலிருந்து அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததில்லை. எல்லாம் கழுவிவிட்டது போல இருந்தது.

"கடைசியில கோபம் தணிஞ்சு இறங்கி வந்தியே, அதுவே போதும்," என்றான்.

"என்ன?"

"பக்கத்துல வந்து படுத்துக் கையைப் பிடிச்சுக்கிட்டியே. கை என்னமா சில்லுன்னு இருந்துச்சு! என் கம்பளியைப் பூரா உனக்குத்தான் போத்திவிட்டேன்."

ரக்னா வைக்கோலைப் பார்த்தாள். இருவர் படுத்த பள்ளங்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒரு பள்ளம். ஒடுங்கிய தோள், நீண்ட கால். அங்கே வைக்கோல் கறுத்து, நனைந்து கிடந்தது. ஒரு வைக்கோல் தாளை எடுத்து நாக்கில் வைத்தாள்.

உப்பு.

வந்தது நான் இல்லை என்று அவள் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் அவன் பயப்பட மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷப்படுவான். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவள் தயாராக இல்லை.

"ஆமா," என்றாள். "குளிரா இருந்துச்சு."

அவர்கள் வழக்கப்படி அந்த வைக்கோல், பண்டிகை முடியும் க்னூட் நாள் வரை தரையிலேயே கிடக்கும். கிறிஸ்துமஸ் இரவுக்குப் பிறகு எல்லோரும் கட்டிலுக்குத் திரும்பிவிடுவது சகஜம். டோர்கெல் திரும்பவில்லை. "இங்கதான் நல்லா தூக்கம் வருது," என்றான். குழந்தையும் அவனோடு தரையில். ரக்னாவுக்கு ஓக் மரக் கட்டில் முழுசாகக் கிடைத்தது. தரையில் அந்த நடுப்பள்ளம் மட்டும் ஒவ்வொரு காலையும் புதிதாக நனைந்திருந்தது.

இறங்கிப் போய் அந்த இடத்தில் படுக்க அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அதைவிடப் பெரிதாக வீம்பு இருந்தது.

ஒரு மதியம் அவள் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து சிக்னேவின் குரல் கேட்டது.

"அம்மா."

ரக்னாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அத்தனை மாதமும் அந்தக் குழந்தை அவளை ரக்னா என்று பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. மாவுக் கையோடு, முகமெல்லாம் சிரிப்பாக அவள் திரும்பினாள்.

சிக்னே அவளைப் பார்க்கவில்லை. வைக்கோலில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து, தன் பின்னலை அவிழ்த்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருடி அங்க?"

"உஷ்," என்றது குழந்தை. "நீ பேசினா அம்மாவுக்குப் பிடிக்காது."

அன்று மாலை ரக்னா அந்த நனைந்த வைக்கோலை மட்டும் வாரி எடுத்துத் தொழுவத்தில் போட்டாள். கறவை மாடு தன் தீவனத்தை விட்டுவிட்டு வந்து அதை நக்க ஆரம்பித்தது. கண் சொருக, விடாமல் நக்கியது. வைக்கோல் தீர்ந்த பிறகும் தரையை நக்கியது. வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தாள். பள்ளம் இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது.

*

பக்கத்து நிலத்தில் இருக்கும் கார்னா, மெரித் ஏறிய அதே கப்பலில் வந்தவள். சிக்னேவைக் கரை சேர்த்ததும் அவள்தான். மறுநாள் காலை காபி குடிக்க வந்தவளிடம், டோர்கெல் விறகு வெட்டப் போன நேரம் பார்த்து ரக்னா கேட்டாள்.

"அவ எப்படிப்பட்டவ?"

"யாரு, மெரித்தா? நல்ல உழைப்பாளி. வாயைத் திறந்தா கொஞ்சம் கசப்பு." கார்னா சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காபியை உறிஞ்சினாள். "கப்பல்ல நாங்க யாராவது குழந்தையைத் தூக்கினாப் போதும், பிடுங்கிக்குவா. என் புருஷன் டோர்கெலோட கடிதத்தைச் சத்தமா படிச்சுக் காட்டினதுக்கு அந்த மனுஷன்கிட்டயே ரெண்டு நாள் பேசல. காய்ச்சல்ல கிடக்கிறப்பகூட அதே பேச்சுதான். அவர் எனக்காகக் கட்டில் செஞ்சிருக்காரு, அதுல வேற எவளும் படுக்கக் கூடாதுன்னு. பாவம், கித்தான்ல சுத்திக் கடல்ல இறக்கினப்போ... ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுக்குது?"

ரக்னா எல்லாவற்றையும் சொன்னாள். கார்னா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி! அந்த ராத்திரியில கட்டில்ல படுத்தியா?"

"என் கட்டில்தானே."

"கட்டில் அவங்களுக்கு ஒரு ராத்திரி இரவல். விடிஞ்சா எழுந்து போயிடுவாங்க. வைக்கோல் யாருது? உசுரோட இருக்கிறவங்களுது. செத்தவங்க இடத்துல நீ ஏறிப் படுத்துக்கிட்டு, உன் இடத்தைக் காலியா விட்டா, வந்தவ எங்கடி படுப்பா? நின்னுக்கிட்டா இருப்பா?"

"இப்ப என்ன செய்யறது?"

கார்னா யோசித்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், யாரோ கேட்பது போல.

"நாளைக்கு க்னூட் நாள். வைக்கோலை அள்ளி வெளியே கொட்டியாகணும். இன்னிக்கு ராத்திரியே கட்டிலை அவளுக்குக் குடுத்துடு. நல்லா விரிச்சு, மரியாதையா, வாயால சொல்லிக் குடு. நீ போய் உன் இடத்துல படு. வீம்பு பிடிக்காதே. காலையில எல்லாத்தையும் கூட்டி வெளிய தள்ளிட்டா தீர்ந்துச்சு."

*

அன்று மாலை ரக்னா துப்பட்டியை விரித்தாள். தலையணையைத் தட்டினாள். சாப்பாட்டை மேசையில் விட்டாள்.

"மெரித்," என்றாள் கட்டிலைப் பார்த்து. அந்தப் பெயரை அவள் உச்சரித்தது அதுவே முதல் தடவை. "இது உனக்குச் செஞ்சது. எடுத்துக்கோ. அவங்க ரெண்டு பேரையும் எனக்கு விட்டுடு."

டோர்கெல் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து முதல் தடவையாக அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

மூவரும் வைக்கோலில் படுத்தார்கள். ரக்னா நடுவில், அந்த ஈரப் பள்ளத்தின் மேலேயே படுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தாள். ஒரு பக்கம் டோர்கெல், ஒரு பக்கம் குழந்தை. கொஞ்ச நேரத்தில் ஈரம் தெரியவில்லை. சிக்னே தூக்கத்தில் உருண்டு வந்து அவள் தோளில் தலை வைத்தாள். குழந்தையின் மூச்சில் பால் வாசனை. ரக்னா அசையாமல் கிடந்தாள், அசைந்தால் அந்தத் தலை விலகிவிடும் என்று.

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவ்வளவு நிம்மதியாக அவள் தூங்கியதில்லை.

விழித்தபோது ஜன்னலில் பனியின் நீல வெளிச்சம். குளிர் எலும்பில் ஏறியிருந்தது.

தோளில் பாரம் இல்லை.

கையை இடப்பக்கம் நீட்டினாள். வைக்கோல்.

வலப்பக்கம் நீட்டினாள். வைக்கோல்.

தொட்ட இடமெல்லாம் காய்ந்து, மொறுமொறுவென்று, எத்தனையோ நாளாக யாருமே படுக்காதது போல இருந்தது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. மேசையில் மெழுகுவத்தி அணைந்திருந்தது. அறை முழுக்கக் கடல் நாறியது.

கட்டிலின் ஒரு ஓரத்தில் டோர்கெல் படுத்திருந்தான். மறு ஓரத்தில் சிக்னே. இருவரும் உள்பக்கமாகத் திரும்பி, நடுவில் கை போட்டு, ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே சிரிப்பு.

"டோர்கெல்," என்றாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. "சிக்னே. கண்ணு, இங்க வா."

யாரும் அசையவில்லை.

அவர்கள் கைகள் துப்பட்டியைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில், எதன் மேலோ கிடந்தன. அவற்றின் கீழே கம்பளி மேடிட்டிருந்தது.

மேடு மெல்ல உயர்ந்தது. தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

ரக்னா மூச்சை அடக்கிக்கொண்டு வைக்கோலில் எழுந்து நின்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கம்பளிக்கு அடியில் இருந்தது அவள் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தது.