புதன்கிழமை யாரும் வரவில்லை

மிஸ் டெனிஸ் இருபது நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்தார். இருபதிலும் யாரும் இல்லை.

மணி நாலரை. இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், சீசா என்ற பகுதியில் இருக்கும் அந்தச் சின்ன நூலகத்தின் கூடத்தில் மூன்றே பேர்தான் இருந்தார்கள். மிஸ் டெனிஸ், பத்து வயதுக் கேசிகா, அவளுடைய வகுப்புத் தோழி மொனிகா. மேசையில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய ஆரஞ்சுச் சுளைகள்.

"மழையாக இருக்கும். அதனால்தான் வரவில்லை," என்றாள் மொனிகா.

கேசிகா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நல்ல வெயில்.

மொனிகா இன்னொரு சுளையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

மிஸ் டெனிஸ் அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். அங்கே தாதியாக வேலை பார்த்தவர். பலெர்மோக்காரர் ஒருவரைத் திருமணம் செய்துகொண்டு இங்கே வந்துவிட்டார். நூலகத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறார். ஆங்கிலம் புரியாதபோது எல்லாரும் இத்தாலியனில் பேசிக்கொள்வார்கள்.

இரண்டு வாரங்களுக்கு முன்பு அவர் தன்னுடைய சங்கத்தைப் பற்றிச் சொன்னார்.

"கறுப்பினப் பெண்கள் கல்லூரிக்குப் போவதே அரிதாக இருந்த காலம். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. சில மாணவிகள் சேர்ந்து ஒரு சகோதரிகள் சங்கம் தொடங்கினார்கள். ஊருக்கு உதவி செய்வதுதான் வேலை. படிப்பு முடிந்த பிறகும் யாரும் விலகுவதில்லை. கடைசி வரைக்கும் சகோதரிகள்தான்."

"சண்டை பிடிக்க மாட்டீர்களா?" என்று மொனிகா கேட்டாள். அவள் தன் அக்காவுடன் தினமும் சண்டை பிடிப்பவள்.

"பிடிப்போம். பிறகு சேர்ந்து வேலை செய்வோம்."

ஜனவரியில் சங்கத்தின் பிறந்தநாள். அந்த வாரத்தில் ஒவ்வொரு சகோதரியும் தான் இருக்கும் ஊரிலேயே ஏதாவது ஓர் உதவி செய்வார். சனிக்கிழமை அமெரிக்காவில் எல்லாரும் கூடுவார்கள். தூரத்தில் இருக்கும் சகோதரிகளின் கடிதங்களை வாசிப்பார்கள். பலெர்மோவில் மிஸ் டெனிஸ் ஒருவர்தான்.

"நீங்கள் பிரஷர் பாருங்கள், மிஸ். எங்கள் தமிழ் ஆட்களை நான் கூட்டிவருகிறேன்," என்று அன்றைக்குக் கேசிகா சொன்னாள். "முதல் ஆள் என் அம்மா."

கேசிகாவின் அம்மா பிரசாந்தினி 'சின்யோறா' என்று அவர் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலியப் பெண்ணின் வீட்டில் வேலை செய்கிறார். ஒரு மாதமாக அவருக்குத் தலைவலி. டொக்டரிடம் போகச் சொன்னால், "சும்மா தலையிடிதானே. தேத்தண்ணி குடிச்சால் போயிடும்," என்பார்.

கேசிகாவும் மொனிகாவும் சங்கத்தின் கதையைப் பெரிய அட்டையில் எழுதிப் பழைய படங்களை ஒட்டினார்கள். முப்பது துண்டுக் கடிதாசிகளில், 'புதன்கிழமை பின்னேரம் நான்கு மணி' என்று கேசிகா தமிழில் எழுதினாள். நூலகக் கூடம் புதன்கிழமைதான் கிடைத்தது. வாங்கியவர்கள் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"ஓம் பிள்ளை, பாப்பம்."

அம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

இப்போது மணி ஐந்து ஆகிவிட்டது.

"கடிதத்தில் என்ன எழுதுவீர்கள், மிஸ்?" கேசிகாவின் குரல் சின்னதாக வந்தது.

"ஆரஞ்சு இனிப்பாக இருந்தது என்று எழுதுவேன்."

மிஸ் டெனிஸ் சிரித்தார். பிறகு நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்.

கேசிகாவுக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அவள் திரும்பி, அட்டையின் முன்னால் போய் நின்றாள். நடுவில் ஒட்டியிருந்த படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பருத்தித் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு பழைய கார். பக்கத்தில் சில பெண்கள்.

"மிஸ், இவர்கள் ஏன் தோட்டத்தில் நிற்கிறார்கள்?"

"அவர்கள் எங்கள் சங்கத்து டொக்டர்கள், தாதிகள், ஆசிரியைகள். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு கோடை விடுமுறையில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்க்கப் போனார்கள். ஆனால் தோட்டத்து முதலாளிகள் வேலையாட்களை வெளியே விடவில்லை. அதனால் காரில் மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போய்விட்டார்கள்."

கேசிகா படத்தில் இருந்த காரின் மேல் விரலை வைத்தாள். மொனிகா சுளையை வாயருகே பிடித்தபடி அவளையே பார்த்தாள்.

"இன்றைக்குப் புதன்கிழமை," என்று கேசிகா மெதுவாகச் சொன்னாள்.

"அது எங்களுக்கும் தெரியும்," என்றாள் மொனிகா.

"உன் அம்மா இப்போது எங்கே?"

"அவருடைய சின்யோறா வீட்டில். எங்கள் அம்மாமாருக்கு லீவு வியாழக்கிழமை பின்னேரமும் ஞாயிறும்தானே…" மொனிகா பாதியில் நிறுத்தினாள். சுளை கீழே விழுந்தது.

"நானே எழுதினேன். முப்பது தடவை எழுதினேன்!" கேசிகா தலையில் கை வைத்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "மிஸ், உங்களிடம் கார் இருக்கிறதா?"

"இல்லை. பஸ் டிக்கெட் இருக்கிறது."

"அது போதும்."

வியாழக்கிழமைகளில் அம்மாமார் எங்கே கூடுவார்கள் என்பது கேசிகாவுக்குத் தெரியும். போர்கோ வெக்கியோ பகுதியில் இராஜதுரை மாமாவின் தமிழ்க் கடை. சாமான் வாங்க ஐந்து நிமிடம் போதும். கதைக்க இரண்டு மணி நேரம் வேண்டும். மிஸ் டெனிஸின் போனில் அவள் மாமாவைக் கூப்பிட்டாள்.

"என்ர கடையிலை பிறஷர் பாக்கிறதோ?" மாமா கத்தினார். "சனம் பயந்து ஓடினால் ஆர் சாமான் வாங்குறது?"

"சனம் கனநேரம் இருக்கும், மாமா. இருந்தால் பசிக்கும். பசிச்சால் உங்கட ரோல்ஸ் வாங்கும்."

போனில் கல்லாப்பெட்டி மூடும் சத்தம் கேட்டது.

"நீ ஆற்ற மகள்?"

"பிரசாந்தினியின்ர."

"கெட்டிக்காரி. வா."

வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குக் கடை நிறைந்திருந்தது. பெண்கள் அரிசி மூட்டைகளின் மேல் வசதியாக உட்கார்ந்திருந்தார்கள். கேசிகா எல்லாருக்கும் விஷயத்தைச் சொன்னாள். மிஸ் டெனிஸ் கருவியைத் திறந்ததும் கதை நின்றது. யாரும் முதலில் கை நீட்டவில்லை.

"மாமா, நீங்கள் வாங்கோ," என்றாள் கேசிகா.

"நானோ? எனக்கு ஊசி எண்டால் பயம்."

"இதிலை ஊசி இல்லை."

மாமா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினார்.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் தொடங்கேல்லை, மாமா."

கடை முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு, "எனக்குப் பாருங்கோ", "நான்தான் முந்தி வந்தனான்" என்று வரிசை நீண்டுவிட்டது. மொனிகா பேர்களை எழுதினாள். கேசிகா இத்தாலியனைத் தமிழாக்கினாள். மாமா ரோல்ஸ் விற்றார்.

அம்மா மட்டும் முருங்கைக்காய்ப் பெட்டியின் பக்கத்திலேயே நின்றார். ஒன்றை எடுத்து முறுக்கிப் பார்ப்பதும் திரும்ப வைப்பதுமாக இருந்தார்.

கேசிகா போய் அவருடைய பையை வாங்கிக்கொண்டாள்.

"அம்மா, எல்லாருக்கும் பாத்தாச்சு."

"எனக்கு ஒண்டும் இல்லையடி."

கேசிகா பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு போய் மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

கருவி உறுமியது. மிஸ் டெனிஸ் எண்ணைப் பார்த்தார். ஐந்து நிமிடம் அம்மாவைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டு, திரும்பவும் அளந்தார். அந்த ஐந்து நிமிடமும் கடையில் யாருமே பேசவில்லை. அப்படி ஒரு வியாழக்கிழமை அந்தக் கடையில் வந்ததே இல்லை.

"அதிகமாக இருக்கிறது. பயப்பட வேண்டாம், மருந்து இருக்கிறது. ஆனால் நாளைக்கே டொக்டரிடம் காட்ட வேண்டும்," என்றார் மிஸ் டெனிஸ்.

கேசிகா தமிழில் சொன்னாள்.

"நாளைக்கு வேலையெல்லே," என்றார் அம்மா.

மிஸ் டெனிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுத்தார். அம்மா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்துச் சின்யோறாவிடம் பேசினார். கேசிகா பையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"என்ன சொன்னவ?"

"தலையிடி எண்டு ஏன் முந்தியே சொல்லேல்லை எண்டு ஏசினவ," என்றார் அம்மா. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். "காலமை எட்டு மணிக்குப் போறன்."

இந்த முறை அம்மா 'பாப்பம்' என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை, மிஸ் டெனிஸ் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த கடிதம் அமெரிக்காவில் வாசிக்கப்பட்டது. அதில் முப்பத்தொரு பெண்களும் ஓர் இராஜதுரை மாமாவும் இருந்தார்கள். 'ஆரஞ்சு முழுவதையும் மொனிகா சாப்பிட்டாள்' என்ற வரியும் இருந்தது.

அடுத்த வாரம் கேசிகா நூலகத்துக்குப் போனாள். அம்மாவுக்கு மருந்து தொடங்கியாயிற்று என்று மிஸ் டெனிஸிடம் சொன்னாள். பிறகு அட்டையின் முன்னால் நின்று, பருத்தித் தோட்டத்துக் காரின் பக்கத்தில் ஒரு புதிய படத்தை ஒட்டினாள். அரிசி மூட்டைகளின் மேல் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்கள்.

கீழே பெரிய எழுத்தில் எழுதினாள்:

'வியாழக்கிழமை. பின்னேரம் மூன்று மணி.'