சித்தி என்ற சொல்லுக்கு எதிரே

பிற்பகல் இரண்டு பதினேழுக்குக் கோமதி இறந்துவிட்டதாகத் தென்கரை மாநகரின் அறுபத்தொரு துறைகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. கோமதிதான் ஏற்றுக்கொள்ளவில்லை. மருத்துவமனையின் நான்காம் மாடியில், நின்றுபோன மூச்சுப்பொறிக்குப் பக்கத்தில், செவிலி ஜெபராணி கையால் அழுத்திக்கொண்டிருந்த பலூனின் தயவில் அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"வடிவு மேடம், உங்க அக்கா மெஷின் நின்னுட்டு" என்று தொலைபேசியின் ஒலிபெருக்கியில் வந்தது ஜெபராணியின் குரல். "'இறந்தவருக்கு இயங்காது'ன்னு காட்டுது. வேற மெஷின் மாட்டுனோம், அதுவும் அவங்க உயிரெண்ணைப் படிச்சதும் நின்னுட்டு. உயிரோட இருக்காங்கன்னு டாக்டர் எழுதுறாரு, பத்து செகண்டுல அதுவா அழிஞ்சிருது."

"பலூன் எவ்வளவு நேரம் தாங்கும்?"

"என் கை தாங்கும் மேடம். அவங்க நுரையீரலுக்கு இந்தக் காத்து பத்தாது. ஒரு மணி நேரம்னு டாக்டர் சொல்றாரு."

வடிவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் சாதாரண ஆள் என்றால் யாரையாவது திட்டிவிட்டு அழுதிருக்கலாம். அவளோ மாநகர ஒருங்கிணைப்பு நிலையத்தில் சொற்பொருள் வல்லுநர். கோமதியைச் சாகடித்த ஒத்திசைவியைக் கட்டியவர்களில் ஒருத்தி.

ஒத்திசைவி வருவதற்கு முன்னால் அறுபத்தொரு துறைகளிலும் அறுபத்தொரு பொறிகள் ஆளுக்கொரு பாஷை பேசிக்கொண்டிருந்தன. ஒரே மனிதர் மருத்துவமனைக்கு நோயாளி, குடிநீர் வாரியத்துக்கு நுகர்வோர், பள்ளிக்குப் பெற்றோர், டிராமுக்கு வெறும் பயணி. ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் இணைக்க ஆயிரத்து எண்ணூற்று முப்பது பாலங்கள் கட்ட வேண்டும். ஒத்திசைவி நடுவில் வந்து உட்கார்ந்ததும் அறுபத்தொன்று போதும் என்றானது. கம்பி இணைந்தால் மட்டும் போதாது, சொல்லும் பொருளும் இணைய வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசி, அதற்கான பெரிய அட்டவணையை எழுதிப் பெயர் வாங்கியவள் வடிவு. ஒரு துறை சொல்வது மற்ற அறுபது சொல்வதோடு முரண்பட்டால், அந்த ஒன்றைத் திருத்திவிட வேண்டும் என்ற விதியும் அவள் கைவண்ணம்தான். மருத்துவர் எழுதிய 'உயிரோடு' பத்து நொடியில் அழிந்ததற்குக் காரணம் அந்த விதி. ஒத்திசைவியைப் பொறுத்தவரை மருத்துவர் ஏதோ எழுத்துப்பிழை செய்துகொண்டிருந்தார்.

வடிவு காரணத்தடத்தைத் திறந்தாள். ஒத்திசைவி எந்த முடிவுக்கு எப்படி வந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்லும் பக்கம் அது. நிலையத்தின் தலைமைப் பொறியாளர் அல்போன்ஸ் ஓடிவந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

காலையில் அக்கா மகள் பொன்மதியைப் புதுப் பள்ளியில் சேர்க்க வடிவு போயிருந்தாள். அத்தான் நடுக்கடல் காற்றாலையில் பழுது பார்க்கப் போய் இரண்டு மாதம் ஆகிறது. தொடர்பு வருவது பதினைந்து நாளுக்கு ஒருமுறை. அக்கா படுத்ததிலிருந்து ஏழு வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வடிவு அந்த வீட்டுக்கே குடிவந்து, முகவரியையும் முறையாக மாற்றியிருந்தாள். பள்ளி எழுத்தர், "நீங்க பிள்ளைக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். சித்தி என்றாள். அவர் எழுதிக்கொண்டார். உலகத்தில் இதைவிடச் சாதுவான பேச்சு இருக்க முடியாது.

ஒத்திசைவிக்கு அது சாதுவாகப் படவில்லை. அட்டவணையில் சித்தி என்ற சொல்லுக்கு எதிரே இரண்டு பொருள்கள் இருந்தன: அம்மாவின் தங்கை, அப்பாவின் இரண்டாம் மனைவி. எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கும் ஒரு குறிப்பு இருந்தது. குழந்தையின் தந்தை வீட்டிலேயே நிரந்தரமாகக் குடியிருந்து பாதுகாவலராகக் கையெழுத்துப் போடுபவள் இரண்டாம் மனைவி. சரி, ஒருவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மனைவி சட்டப்படி ஆகாது. குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து ஏதும் இல்லை. அப்படியானால் முதல் மனைவி உயிரோடு இல்லை. இறப்புப் பதிவில் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துவிடலாம். சேர்த்துவிட்டது. கணக்கு சுத்தம்.

"இந்தக் குறிப்பை எழுதின புண்ணியவான் யாரு?" என்று கேட்டார் அல்போன்ஸ்.

"நான்தான் சார்" என்றாள் வடிவு. "ஆறு வருஷத்துக்கு முன்னாடி. அப்ப நான் ஹாஸ்டல்ல தனியா இருந்தேன். அக்கா வீட்டுல போய்த் தங்குவேன்னு எனக்குத் தோணவே இல்ல."

பொறியில் பிழையில்லை. அவள் கற்றுக்கொடுத்ததை அது ஒரு எழுத்து பிசகாமல் செய்திருந்தது.

அட்டவணையைத் திருத்தலாம் என்றார் அல்போன்ஸ். திருத்தினால் இனிமேல் வரும் சித்திகளுக்குத்தான் செல்லும், நடந்து முடிந்த இறப்பை மீண்டும் கேள்வி கேட்காது என்றாள் வடிவு. செத்தவர் பெயரில் ரேஷன் வாங்கியவர்களைப் பிடிப்பதற்காக, இறப்பு என்பதை மாற்ற முடியாத உண்மை என்று பதிந்துவைத்திருந்தார்கள். ஒத்திசைவியையே நிறுத்தலாமா என்றார். நிறுத்தினால் நகரத்தில் இருக்கும் எல்லா மூச்சுப்பொறியும் ஆள் தெரியாமல் நின்றுவிடும். வடிவின் மேசையில் கிடந்த தொலைபேசியில் பலூன் அழுந்தி விரியும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"மேடம், உதடு நீலமாகுது" என்றாள் ஜெபராணி.

இறப்புப் பதிவுத் துறையின் பழைய விதிகளை வடிவு அவசர அவசரமாகப் புரட்டிக்கொண்டே போனாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய பக்கம் ஒன்றில் விரல் நின்றது. பிணவறையில் ஆள் மாறிப்போகும் காலத்தில் எழுதியது. அதன்படி இறப்பை நீக்க முடியாது. ஆனால் தவறான ஆளின் மேல் விழுந்த இறப்பைச் சரியான ஆளுக்கு மாற்றலாம். இணைக்கும்போது ஒத்திசைவி இதையும் விசுவாசமாகச் சேர்த்துக்கொண்டிருந்தது.

"அப்ப ஏற்கெனவே செத்த யாரோட எண்ணையாவது கொடுத்துரு" என்றார் அல்போன்ஸ்.

"ஒருத்தர் ரெண்டு தடவை சாக முடியாது சார். உயிரோட இருக்கிற எண் வேணும். அதே வீட்டுல இருக்கிற பொம்பளையா இருக்கணும்."

அல்போன்ஸுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா. பிறகு உன்னை எப்படித் திரும்பக் கொண்டு வருவேன்? உன் சாவை வாங்கிக்க இன்னொரு ஆள் வேணும்."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம் சார். கையை விடுங்க."

அவர் விட்டார். வடிவு தன் உயிரெண்ணின் பதினான்கு இலக்கங்களையும் நிதானமாக அடித்தாள். பயமாக இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் இன்னொரு முனையில் பலூன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்ததால் பயப்படவும் நேரம் போதவில்லை.

மூன்று இருபத்துநான்குக்குத் தொலைபேசியில் மூச்சுப்பொறியின் சீரான இரைச்சல் வந்தது. ஜெபராணி ஓவென்று அழுதாள். "ஓடுது மேடம், ஓடுது. கண்ணு முழிச்சிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொடர்பு அறுந்தது. இறந்தவரின் தொலைபேசி எப்படி இயங்கும்?

அலுவலகக் கதவை அல்போன்ஸ்தான் திறந்துவிட்டார். டிராம் அவளுக்காக நிற்கவில்லை. மூன்று கிலோமீட்டர் தூரத்தையும் பாதி நடந்தும் பாதி ஓடியும் கடந்தாள். மருத்துவமனை வாசலில் ஒரு குடும்பத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்து, படியேறி நான்காம் மாடிக்குப் போனாள். தீவிர சிகிச்சைக் கதவு மட்டும் மசியவில்லை. பக்கத்தில் பார்வையாளர் கண்ணாடி இருந்தது. ஆள் வந்து நின்றால் தெளிந்து உள்ளே காட்டும் கண்ணாடி. அவள் நின்றதும், கொஞ்சம் தயங்கி, தெளிந்தது. ஓரத்தில் சிறிய எழுத்தில், 'பார்வையாளர் நிலை: இறப்பு உறுதி நிலுவையில்' என்றிருந்தது.

கோமதி தெரிந்தாள். தொண்டையில் குழாய், பேச முடியாது. ஆனால் கண்ணில் உயிர் இருந்தது. தங்கையைப் பார்த்ததும் அந்தக் கண் சிரித்தது. வடிவு நெற்றியைக் கண்ணாடியில் வைத்து அழுதாள்.

அப்போதுதான் ஜெபராணி வெளிறிய முகத்தோடு ஒரு பலகைத்திரையைக் கொண்டுவந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தெரியும்படி பிடித்தாள்.

'ஆள்மாறாட்டத் திருத்தம். இறந்தவர் வடிவு என்பதை நெருங்கிய உறவினர் கோமதி உறுதி செய்ய வேண்டும். மறுத்தால், அல்லது முப்பது நிமிடத்துக்குள் பதில் வராவிட்டால், இறப்பு பொருத்தமான அடுத்த நபருக்கு மாற்றப்படும். ஒருமுறை விலக்கப்பட்டவருக்குத் திரும்ப மாற்ற இயலாது. மீதமுள்ள நபர்: பொன்மதி, பெண், வயது 7, அதே முகவரி.'

இந்தப் பகுதியை வடிவு படித்திருக்கவில்லை. அவசரத்தில் விதியின் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டிருந்தாள்.

நேரம் நான்கு நிமிடம் மிச்சம் என்று காட்டியது. ஜெபராணி திரையைக் கோமதியிடம் கொண்டுபோனாள். கோமதி முதல் இரண்டு வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடிப் பக்கம் பார்த்தாள். முழுதாக நிற்கிறாள் தங்கை. யாரோ முட்டாள்தனமாக எழுதியிருக்கிறார்கள் என்பதுபோல் தலையை அசைத்தாள். விரல் 'மறுப்பு' என்ற பொத்தானை நோக்கிப் போனது.

வடிவு இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். சத்தம் உள்ளே போகாத கண்ணாடி. ஆனாலும் அதிர்வு தெரிந்து கோமதி நிமிர்ந்தாள். வடிவு வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். இடுப்பளவில் கையைத் தாழ்த்தி, இவ்வளவு உயரப் பிள்ளை என்று காட்டினாள். திரையைச் சுட்டி, கீழே, கீழே படி என்று வாயை அசைத்தாள். கோமதி கீழே படித்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

அக்கா நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். வடிவு கட்டைவிரலால் தன் உள்ளங்கையை அழுத்திக் காட்டினாள். அழுத்து. என்னை அழுத்து.

கோமதி கண்ணை வடிவின் மேலேயே வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலே, 'உறுதி' மேல் விரலை வைத்தாள். வைத்த விரலை எடுக்கத் தெரியாமல் அப்படியே இருந்தாள். ஜெபராணிதான் எடுத்துவிட்டாள்.

அறுபத்தொரு துறைகளிலும் ஒரு முரண்பாடும் இல்லை. வெளியே பதிவான பார்வையாளர் எவரும் நிற்கவில்லை என்று கண்ட கண்ணாடி, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, வெள்ளையாக மாறிக்கொண்டது.