கால்குலேட்டரை எங்கே வைப்பது?

கணக்குத் திறன் தேர்வுக்கு மணி அடிக்கச் சற்று நேரமே இருந்தது. பள்ளி வாயிலில் அம்சா ஒரு கால்குலேட்டரை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். அது பக்கத்து வீட்டு ரியாஸ் அண்ணன் இரவல் கொடுத்தது. நாளை அவருக்குக் கல்லூரித் தேர்வு. அது தொலைந்துவிடவே கூடாது.

“தாத்தா, இத உள்ள எடுத்துக்கினு போலாமா?” என்று காவலாளி முனுசாமியிடம் கேட்டாள்.

“எனக்கு இன்னாமா தெரியும்? டீச்சர கேளு.”

உள்ளே ஓடினாள். தேர்வறையில் புவனேஸ்வரி டீச்சர் வரிசை எண்களை ஒட்டிக்கொண்டிருந்தார். “கேட்லயே சொல்லுவாங்களேம்மா. அங்க கேளு.”

மறுபடியும் வாயில்.

“உங்களத்தான் கேக்கச் சொன்னாங்க.”

“நல்லா இருக்குது கதை. நான் இன்னா கணக்கு வாத்தியாரா?”

“போன வருஷம் எங்க அண்ணன் எடுத்துக்கினு போனான்,” என்றான் தேர்வெழுத வந்து நின்ற தனுஷ்.

“எங்க அக்காவ வெளியவே நிக்க வச்சிட்டாங்க,” என்றாள் தபஸ்ஸும்.

அங்கே நின்ற எல்லோரிடமும் ஒரே மாதிரியான கறுப்புக் கால்குலேட்டர்கள் இருந்தன.

“கேட்டுக் கேட்டு வாயே வலிக்குது. இனிமே யாரையும் கேக்கப் போறதில்ல,” என்றாள் அம்சா.

அவள் அம்மா கோயில் வாயிலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்பவர். ஒவ்வொரு சோடியிலும் ஒரு பட்டு நூல் துண்டைக் கட்டிவிட்டு, அதே நிறத்தில் இன்னொன்றை உரியவரிடம் கொடுப்பார். தறியோரம் பொறுக்கிய அத்தகைய துண்டுகள் அம்சாவின் பென்சில் பையிலும் கிடந்தன. எல்லோருடைய கால்குலேட்டர்களிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டி, அதே நிறத் துண்டை அவரவரிடம் கொடுத்துவிட்டு, முனுசாமியின் சாப்பாட்டுக் கூடையில் அடுக்கினாள்.

“எடுத்துக்கலாம்னு சொன்னா கொண்டாந்து குடுங்க தாத்தா.”

“எங்கூடை இன்னா செருப்பு ஸ்டாண்டா?” என்று முணுமுணுத்தாலும் அவர் கூடையை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

தேர்வறையில் டீச்சர் உறையைப் பிரித்து அறிவிப்பைப் படித்தார். “கால்குலேட்டர் பயன்படுத்தலாம்.”

அறை முழுவதும் எழுந்து நின்றது. “எல்லாரும் உக்காருங்கப்பா,” என்ற அம்சா, சன்னல் வழியே முனுசாமியைக் கைகாட்டி அழைத்தாள்.

அவர் கூடையோடு வந்தார். “அரக்கு யாரு? மயில் கழுத்து? மாம்பழக் கலர் யாருப்பா?”

மணி அடிக்கும் முன்பே கூடை காலியாயிற்று. ரியாஸ் அண்ணனின் கால்குலேட்டர் அம்சாவின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அப்போது தனுஷ் கையைத் தூக்கினான். “டீச்சர், காம்பஸ் பாக்ஸ் வச்சுக்கலாமா?”

டீச்சர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முனுசாமியைப் பார்த்தார்.

“என்னக் கேக்காதீங்கம்மா,” என்றார் அவர். “அந்தப் பாப்பாவ கேளுங்க.”

அம்சா பெருமூச்சு விட்டுப் பென்சில் பையைத் திறந்தாள். இன்னும் கொஞ்சம் நூல் மிச்சம் இருந்தது.