உப்புக் கிட்டங்கியில் அம்மை குத்திய நாள்

உப்பு மூடைகளில் ஒன்று சூடாக இருந்தது.

கிழிந்த சாக்கைத் தைக்க மூன்றாவது அடுக்கில் சாய்ந்தபோது செவ்வந்தியின் முதுகுக்கு அது தெரிந்தது. ஈரம் பட்ட நெல் சூடேறும். உப்பு ஏறாது. எட்டு வருசமாக, உப்பு மூடை அடுக்கும் இந்தக் கிட்டங்கியில் சாக்குத் தைக்கிறாள். வெளியே கடற்கரை மணல் காலைச் சுடுகிற சித்திரையிலும், இந்த இருட்டுக்குள், கசப்பும் சணல் வாடையும் கலந்த காற்றில், உப்பு குளிர்ந்தே கிடக்கும். புறங்கையை வைத்துப் பார்த்தாள், காய்ச்சல் நெற்றியில் வைப்பதுபோல. சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

அந்த அடுக்கில் சாய்ந்துதான் அவள் புருசன் சோணைமுத்து, மாசி மாதத்தில் ஒருநாள், "ஒடம்பு வலிக்கு, செத்த உக்காந்துட்டு வாரேன்" என்றான். பன்னிரண்டே நாளில் போய்ச் சேர்ந்தான். பெரியம்மை.

வாசல் வெளிச்சத்தில் அம்மை குத்தும் ஹமீது பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். மூடை தூக்கும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள்.

"மேஸ்திரி, கண்ணத் தொறங்க. குத்தி முடிச்சு ரெண்டு நாழி ஆச்சு" என்றான் வரிசையில் ஒருவன்.

"ஏலே, சிரிக்காதீகடா" என்றார் மேஸ்திரி மூக்கையா, கண்ணைத் திறக்காமலே.

குத்திய கை பழுத்தால் ஒரு வாரம் மூடை தூக்க முடியாது. அதனால் மருந்து காயுமுன்னே மூடை அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் சந்துக்குள் போய், வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவித் துடைத்துவிடுவார்கள். கிட்டங்கியில் எல்லோரும் செய்வதுதான். போன தை மாதம் சோணைமுத்துவின் கையைத் துடைத்துவிட்டவள் செவ்வந்தி. எரியக் கூடாதென்று ஊதி ஊதித் துடைத்தாள். பிறகு ஆஸ்பத்திரியில், "அம்மை குத்துச்சா?" என்று கேட்டார்கள். குத்தியது என்றாள். கையைத் திருப்பிப் பார்த்தார்கள். தழும்பு இல்லை.

இன்று, அப்பனை 'அய்யா, அய்யா' என்று இன்னும் தேடும் ஆறு வயது மகள் பூமயிலைக் கூட்டி வந்திருந்தாள். வரிசையில் கடைசி ஆள் பூமயில். அவள் அழவில்லை.

"கால் மணி நேரம் துணி படக் கூடாது தாயி" என்றார் ஹமீது.

"படாதுண்ணே."

"சுண்ணாம்பு?"

செவ்வந்தி தரையைப் பார்த்தாள். "இந்தத் தடவ இல்லண்ணே."

"மருந்து இதோட தீந்துச்சு. இனி அடுத்த மாசந்தான். புதுமடத்துல நாலு வீட்டுல வேப்பில கட்டியிருக்காக. பாத்துக்க." அவர் வண்டியேறினார்.

ஆட்கள் கஞ்சி குடிக்கப் போனார்கள். பூமயிலைச் சந்தின் வாய்ப்பக்கம் ஒரு மூடைமேல் உட்காரவைத்து, பத்தடி தள்ளி உட்கார்ந்து செவ்வந்தி தைத்தாள். பிள்ளையின் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஊசி சணலுக்குள் போய் வரும் சத்தம், ஓட்டின்மேல் காக்காயின் நகம் பிறாண்டும் சத்தம், தூரத்தில் அலை, தேய்ந்துகொண்டே போகும் வண்டிச் சத்தம். நூல் அறுந்தது. குனிந்து கோத்தாள்.

அப்போது இன்னொரு சத்தம்.

யாரோ ஊதினார்கள்.

மெதுவாக. நீளமாக. புண்ணில் ஊதுவதுபோல.

நிமிர்ந்தாள். மூடைமேல் பிள்ளை இல்லை. சந்தின் வாயில் நின்றிருந்தாள். இடது மேற்கையில் வெள்ளையாக ஒரு தீற்றல். அகலமான கட்டைவிரல் தீற்றல்.

"அடியே! யாருடி தொடச்சது?"

"அய்யா."

ஊசி விழுந்தது.

"நோவவே இல்ல ஆத்தா. ஊதி ஊதித் தொடச்சாக. அய்யாவுக்குத்தான் ஒடம்பு சுடுது."

முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தாள். நிறுத்தினாள். எதைத் துடைக்கிறாள்? இனி அங்கே என்ன மிச்சம்?

"ஹமீதண்ணே!"

வாசலுக்கு ஓடினாள். நாலே தப்படி. சாலை வெறுமையாக இருந்தது. வெயில். வண்டிச் சத்தமும் இல்லை.

திரும்பினாள்.

பூமயில் சந்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். துள்ளித் துள்ளி. வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. உயரமான ஒருவரின் ஒற்றை விரலைப் பிடித்திருப்பதுபோல் அந்தச் சின்னக் கை மூடியிருந்தது. முகத்தை அண்ணாந்து, யாரிடமோ சிரித்துப் பேசியபடி அவள் இருட்டுக்குள் நடந்தாள்.