ஒரு ரூம் மட்டும் எங்களுக்கு

"அண்ணே, ஐயாவுக்குச் சுகர் இருக்கா? தெரியாம சபுரா டீயில சீனியப் போட்டுக் குடுத்துட்டா."

தல்லாகுளம் ஆபீஸில் மதியச் சாப்பாட்டை முடித்து டப்பாவை மூடிக்கொண்டிருந்த செல்வக்குமாருக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சோழவந்தான் வீட்டுக்குக் குடிவந்து மூன்று வாரமான சேக் இஸ்மாயில், வேறு யாருக்கோ போட வேண்டிய போனைத் தனக்குப் போட்டுவிட்டான் என்று நினைத்தான்.

"எந்த ஐயாவுக்கு இஸ்மாயில்?"

"என்னண்ணே இது. உள் ரூம்ல இருக்காரே, உங்க அப்பா."

செல்வக்குமார் போனை வைத்துவிட்டான். எழுந்து போய் டப்பாவைக் கழுவினான். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது, பயம்தான் வரவில்லை. அவனுக்கு நாலு மாதமாகவே எதுவும் வருவதில்லை. அப்பாவின் காரியத்தில் ஊரே பார்க்க மொட்டைத் தலையோடு நின்றவனுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை.

அப்பா மொக்கைச்சாமி சதய நட்சத்திரத்தில் செத்தார். சதயம் என்றால் ஆறு மாதம் அடைப்பு. உயிர் போன அறையை அதுவரை திறக்கக் கூடாது என்று காரியம் செய்தவர் சொல்லிவிட்டுப் போனார். பூட்டினான். அந்த அறையைப் பூட்டுவது ஒன்றும் அவனுக்குப் புதிதில்லை. அப்பாவுக்குப் புத்தி தடுமாறிய பிறகு, ரோட்டுக்கு ஓடிவிடக் கூடாதே என்று, அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் ஆபீஸுக்கு வருவான். கடைசி ஆறேழு மாதம் அவருக்குக் காலே விளங்கவில்லை, இவனுக்குத்தான் பூட்டுகிற பழக்கம் போகவில்லை. அது மனைவி பவதாரிணிக்கு மட்டும் தெரியும். அவளும் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டு, அவர் செத்ததும் தல்லாகுளத்துக்கே போய்விடலாம் என்றாள்.

பூட்டிக் கிடந்தால் வீடு கரையானுக்குத்தான் என்று புரோக்கர் காளை வந்து நின்றார். "ஒரு ரூம் மட்டும் எங்களுக்கு, சாமான் கெடக்குன்னு சொல்லிருங்கண்ணே. பாதி ஓனரு அப்படித்தான் விடுறாங்க." வாடகைக்கு விடுவது எப்படி என்று ஆபீஸில் ஆளுக்கொன்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆணி அடிக்கக் கூடாது என்று எழுதி வாங்கு, பதினொரு மாதத்துக்கு மேல் அக்ரிமென்ட் போடாதே, மோட்டார் சுவிட்சைக் காட்டிக் கொடு. நல்ல மாணவனாக எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான். ஆனால் சொந்தபந்தத்தில் யாருக்காவது விட்டால் என்ன நட்சத்திரம், எத்தனை மாதம் என்று குடைந்துவிடுவார்கள். இஸ்மாயில் எதையும் கேட்கவில்லை. சிம்மக்கல்லுக்கு வெற்றிலைக் கட்டு ஏற்றிப் போகிற லோடு வண்டிக்காரன். பெயரைக் கேட்டதுமே நாலு வீட்டில் கதவைச் சாத்தியிருந்தார்கள். தனக்கும் மனைவி சபுராவுக்கும் ஒரு வீடு கிடைத்ததே போதும் என்றிருந்தான். செல்வக்குமாருக்கும் அதுதான் தோதாக இருந்தது.

மறுநாள் போன் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தது. இந்தமுறை இஸ்மாயிலின் குரலில் மரியாதை மட்டும்தான் மிச்சமிருந்தது.

"சாமான் இருக்குன்னுதானண்ணே சொன்னீங்க? மனுசன உள்ள வச்சுப் பூட்டிருக்கீங்களே, நாயமா இது? கதவுக்கு அடியில தட்டத் தள்ளித் தள்ளித்தான் சபுரா கஞ்சி குடுக்குறா."

"இஸ்மாயில், எங்கப்பா செத்து நாலு மாசமாச்சு."

"மதியம் கஞ்சி குடிச்ச மனுசன இப்படிச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? இன்னைக்கிப் பொழுசாயக்குள்ள வந்து தொறந்து விடுங்க. இல்லேன்னா ஸ்டேஷன்லருந்து ஆளக் கூட்டியாந்து நானே ஒடைப்பேன்."

பேய்க்குப் பயப்படாதவன் ஸ்டேஷனுக்குப் பயந்தான். போலீஸ் வந்தால் அக்கம்பக்கம் கூடும். கூடினால் கேட்பார்கள். எதற்குப் பூட்டினாய், எத்தனை நாள் பூட்டினாய், கடைசி நாள் எங்கே இருந்தாய். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவன் அந்தக் கேள்விக்கெல்லாம் எதைச் சொல்வான்? அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தான்.

சோழவந்தான் வந்து சேர்ந்தபோது மழை மூட்டத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கொடிக்காலில் தண்ணீர் பாய்ந்து, ஈர மண்ணும் வெற்றிலையும் கலந்த காரமான வாடை தெருவரைக்கும் வந்தது. வீட்டுக்குள் அந்த வாடை இல்லை. அங்கே டெட்டாலும் பழைய மூத்திரமும் தைலமும் சேர்ந்து அடித்தது. அவன் ஆள் வைத்து மூன்று தடவை கழுவி, சுண்ணாம்பு அடித்து, மறைந்தே போய்விட்டதென்று நம்பியிருந்த வாடை அது.

சபுரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள் அறைக் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு தட்டு, வழித்துச் சாப்பிட்டுக் காலியாக இருந்தது.

"வந்துட்டாருய்யா, உங்க மகன் வந்துட்டாரு," என்று கதவைப் பார்த்துச் சொன்னாள். பிறகு காதைச் சாய்த்து எதையோ கேட்டாள். "ஆமாய்யா. ஒத்தையிலதான் வந்திருக்காரு."

செல்வக்குமாரும் காது கொடுத்தான். மேலே மின்விசிறி கடகடத்தது. எங்கோ தண்ணீர் மோட்டார் ஓடியது. அந்த அறையிலிருந்து வருகிற சத்தத்தைக் கேட்காமலிருக்க இரண்டு வருடம் பழகியிருந்தான். இப்போது கேட்க நினைத்தாலும் கேட்கவில்லை.

பூட்டைத் திறந்தான்.

சிமென்ட் தரை. கம்பிக் கட்டில், மெத்தை இல்லாமல். மெத்தையை அன்றைக்கே ஆற்றங்கரையில் போட்டாயிற்று. மூலையில் ஒட்டடை. அவ்வளவுதான். ஒருவரும் இல்லை.

"பாத்துக்கப்பா இஸ்மாயில். யாரு இருக்கா?"

இஸ்மாயில் அவனை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போனான். கட்டில் முன்னால் மண்டியிட்டான். அவன் முகம் கோணியது.

"எம்புட்டுப் புண்ணு. முதுகு பூராம். படுபாவி."

ஒரு கையைக் கொடுத்து, மறுகையை அடியில் விட்டுத் தூக்கினான். முன்கை நரம்பு புடைத்தது. கழுத்தில் வியர்வை. எழுந்தபோது முழங்கால் லேசாக நடுங்கியது. பக்கவாட்டில் திரும்பி, நிலையில் எதுவும் இடித்துவிடாமல், அடிமேல் அடி வைத்து வெளியே வந்தான். வெறும் கை. இரண்டு கைக்கும் நடுவில் எதிர்ச் சுவர் தெரிந்தது.

சபுரா ஓடிப்போய்த் தன் துப்பட்டாவின் முனையால் காற்றைத் துடைத்தாள். வாயைத் துடைப்பதுபோல.

இஸ்மாயில் தலையைக் குனிந்து கேட்டான். நிமிர்ந்தான்.

"அந்த ஞாயித்துக்கெழம நீங்க வீட்லதான் இருந்தீங்களாமேண்ணே?"

ஞாயிற்றுக்கிழமை. இருந்தான். பவதாரிணி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பா பத்து மணியிலிருந்து தண்ணீர் கேட்டுக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டிவி சத்தத்தைக் கூட்டினான். பதினொன்றரைக்கு நின்றது. அப்பாடா என்றிருந்தது. சாயங்காலம்தான் திறந்தான்.

இது பவதாரிணிக்குக்கூடத் தெரியாது.

"கைய நீட்டுங்க," என்றான் இஸ்மாயில். "உங்க அப்பாவ நீங்க கொண்டுபோங்க. நாங்க இந்த வீட்ல குடியிருக்கணும்."

நீட்டினான். எதற்கு நீட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. இஸ்மாயில் குனிந்து, மெதுவாக, தன் கையிலிருந்ததை அவன் கைக்கு மாற்றினான். இஸ்மாயிலின் தோள் தளர்ந்தது. மூச்சு வாங்கினான்.

செல்வக்குமாரின் கையில் ஒன்றுமில்லை. கனமில்லை. சூடில்லை.

"பாத்துண்ணே. கழுத்தக் கெட்டியாப் பிடிச்சிருக்காரு."

"இங்க ஒண்ணுமே இல்லப்பா," என்று கையைக் கீழே போட்டான்.

"யா அல்லா!" சபுரா தாங்கிப் பிடிக்கப் பாய்ந்தாள். பாதியில் நின்றாள்.

எதுவும் விழவில்லை.

இருவரும் தரையைப் பார்க்கவில்லை. அவன் கழுத்தையே பார்த்தார்கள். பிறகு அவர்கள் பார்வை ஏறியது. தோள். தாடை. காது.

"என்ன? என்னப்பா பாக்குறீங்க?"

இஸ்மாயில் சபுராவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ஒரு அடி. இன்னொரு அடி. சுவரில் முதுகு முட்டியது. சபுரா ஓதத் தொடங்கினாள்.

செல்வக்குமாருக்கு எதுவும் கேட்கவில்லை. எதுவும் தெரியவில்லை. சுவரோடு ஒட்டி நின்ற இருவரும் அவனுடைய வலது காதுக்குப் பக்கத்தில் ஓரிடத்தையே கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அங்கே ஒரு வாய் திறந்து திறந்து மூடுவதைப் பார்ப்பதுபோல.